அலமாரித் தலையில் ஒரு மகுடம்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் உண்டு. திரும்பி வந்ததும் அந்த ஊர்ச் சமையலறையைப் பற்றிச் சொல்வீர்கள். பாத்திரம் கழுவும் மெஷின், ஆள் உயர ஃபிரிட்ஜ், பொத்தானைத் தொட்டால் எரியும் அடுப்பு எல்லாம் வரும். மேல் அலமாரிகளின் தலைப்பக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அலமாரி முடிந்து கூரை தொடங்குகிற இடத்தில், கீழே குழிந்து மேலே புடைத்து, முன்பக்கம் சாய்ந்தபடி ஒரு மரச்சட்டம் ஓடும். அதற்குப் பெயர் 'கிரவுன் மோல்டிங்'. மகுடச் சட்டம் என்று நாம் வைத்துக்கொள்வோம். உத்தியோக காலம் முழுவதும் கட்டட வரைபடங்களோடு கிடந்தவன் என்பதால் எனக்கு எந்த வீட்டுக்குள் போனாலும் கண் மூலைக்குத்தான் முதலில் போகும். அந்தச் சட்டத்தின் கதையைத் தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது எதற்கு? அமெரிக்கச் சமையலறையில் மேடையின் உயரம் 36 அங்குலம். அதற்கு மேல் கை புழங்க 18 அங்குலம் இடைவெளி. அதற்கு மேல் 30 அங்குல அலமாரி. கூட்டினால் 84 அங்குலம், அதாவது 7 அடி. கூரையோ வழக்கமாக 8 அடி. நடுவில் ஒரு அடி வெற்றிடம் தூசி சேர்த்துக்கொண்டு கிடக்கும். 36 அங்குல அலமாரி வைத்தால் 6 அங்குலம் மிஞ்சும். அந்த மிச்சத்தை மூட வேண்டும். பலகையை நேராக அடித்து மூடலாமே என்றால், எந்த வீட்டின் கூரையும் முழு மட்டமாக இருப்பதில்லை. நேர்ப்பலகை அந்தக் கோணலைக் காட்டிக் கொடுக்கும். சாய்ந்து நிற்கும் வளைவுச் சட்டத்தில் நிழல் விழுவதால் கோணல் கண்ணில் படாது. ஆக, ஒரு குறையை மறைக்க வந்ததுதான் இந்த மகுடம்.

இதன் பூர்வீகம் கிரேக்கக் கோயில்களின் கூரை விளிம்பு. மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழுவதற்காக விளிம்பை வெளியே நீட்டி வளைத்தார்கள். பாதி குழிவும் பாதி புடைப்புமாக வரும் அந்த 'எஸ்' வளைவுக்குக் கிரேக்கத்தில் அலை என்ற பொருளில்தான் பெயர். கல்லில் இருக்கும் இந்த அலங்காரங்கள் எல்லாம் பழைய மரவேலையைப் பார்த்துச் செய்தவை என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் நான்காம் பகுதியில் சொல்லியிருக்கிறார். ஆவுடையார்கோயில் கொடுங்கையை நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டமில்லை. அங்கேயும் மரக்கூரையின் சட்டங்களைக் கல்லில்தானே வடித்து வைத்திருக்கிறார்கள்.

இத்தாலியில் பல்லாடியோ 1570இல் வெளியிட்ட கட்டடக்கலை நூல்கள் இந்தப் பழைய வளைவுகளை அளவோடு வரைந்து காட்டின. இங்கிலாந்தில் அவற்றைப் பார்த்து ஆசாரிகளுக்கென்றே மாதிரிப் புத்தகங்கள் அச்சாயின. அவை கப்பலேறி அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போயின. அமெரிக்கர் ஒருவரே எழுதிய மாதிரிப் புத்தகம் 1797இல்தான் வந்தது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஆஷர் பெஞ்சமின் எழுதியது. கல்லில் பிறந்து கூரைக்கு வெளியே இருந்த வளைவு, இந்தப் புத்தகங்களின் வழியாக வீட்டுக்குள்ளே வந்து, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மறுபடியும் மரமாகிவிட்டது.

இனி முக்கியமான கேள்வி. மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் இந்த வளைவை மரத்தில் எப்படி எடுத்தார்கள்?

இழைப்புளியால்தான். நம் ஆசாரிகள் வைத்திருந்த இழைப்புளியின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். வளைவு எடுக்கும் இழைப்புளியின் அடிப்பக்கம், வேண்டிய வளைவுக்கு நேர் எதிராகச் செதுக்கப்பட்டிருக்கும். அதன் தகடும் அதே வடிவில் தீட்டியிருக்கும். மரத்தின் மேல் திரும்பத் திரும்பத் தள்ளினால் வளைவு மெல்ல மெல்ல மரத்தில் இறங்கும். சின்ன வளைவுக்கு ஒரு ஆள் போதும். மகுடச் சட்டத்துக்கான இழைப்புளியின் தகடு 4, 5 அங்குலம் கூட அகலம் இருக்கும். அத்தனை அகலத்துக்கு ஒரே இழுப்பில் மரத்தைச் சீவ ஒருவரின் கைபலம் போதாது. அதனால் இழைப்புளியின் முன்பக்கத்தில் துளை போட்டுக் கோலோ கயிறோ மாட்டியிருப்பார்கள். ஆசாரி பின்னால் நின்று அழுத்தித் தள்ள, தொழில் பழகும் பையன் முன்னால் நின்று இழுப்பான். வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து ரசித்த ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இரண்டு பேர் வியர்வை.

அப்படியென்றால் அந்த இழைப்புளியைச் செய்தவர் யார்? அமெரிக்கக் குடியேற்றங்களில் ஆதாரத்தோடு பெயர் தெரிகிற முதல் இழைப்புளித் தச்சர் ஃபிரான்சிஸ் நிக்கல்சன். மாசசூசெட்ஸில் ரெந்தம் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்தார். அந்தப் பட்டறையில் அவரோடு வேலை செய்தவர் சீசர் செலர் என்ற கறுப்பினத்தவர். சம்பளத்துக்கு வந்த ஆள் அல்ல. நிக்கல்சனின் அடிமை.

அமெரிக்காவில் அடிமைகள் என்றதும் தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுதான் நமக்கு நினைவுக்கு வரும். வடக்கே, இன்று நம் பிள்ளைகள் படித்து வேலை பார்க்கும் பாஸ்டன் பக்கத்திலும் அடிமை முறை இருந்தது. வயலில் மட்டுமில்லை, பட்டறையிலும் இருந்தது. செலர் அப்படிக் கற்றுக்கொண்டவர். மரத்தைப் பதம் பார்ப்பது, தகடு உட்காரும் வாயை வெட்டுவது, அடிப்பக்கத்து வளைவைச் செதுக்குவது எல்லாம் அவருக்கு அத்துபடி. மயிரிழை பிசகினாலும் அந்தக் கருவியால் எடுக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் அந்தப் பிசகு இருக்கும். அவ்வளவு நுணுக்கமான வேலை.

நிக்கல்சன் 1753இல் இறந்தார். உயிலில் செலருக்கு விடுதலை எழுதி வைத்திருந்தார். விடுதலை மட்டும் கொடுத்தால் மனிதன் எதை வைத்துப் பிழைப்பது? 10 ஏக்கர் நிலம், வேலை செய்யும் பெஞ்சு, தொழிற்கருவிகள், இழைப்புளி செய்ய மரம் இவற்றையும் சேர்த்தே எழுதியிருந்தார். அதை வைத்து செலர் அதே ஊரில் சொந்தமாகத் தொழில் செய்தார். தாம் செய்த இழைப்புளியின் முன்முகத்தில் தம் பெயரை முத்திரையாக அடித்தார். சீசர் செலர், ரெந்தமில் வசிப்பவர் என்பது அந்த முத்திரையின் பொருள். எசமானரின் முத்திரையும் இதே பாணியில்தான் இருந்தது. பட்டறை வழக்கம் என்று நாம் கடந்து போய்விடலாம். ஆனால் நேற்று வரை இன்னொருவரின் சொத்தாகக் கணக்கில் இருந்த ஒரு மனிதர், தம் பெயரையும் தம் ஊரையும் சேர்த்து மரத்தில் அடிக்கும்போது அந்தச் சுத்தியல் கொஞ்சம் ஓங்கித்தான் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

செலர் 1784இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், குவாக் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் தொடர்பான வழக்கில், அடிமை முறை மாநிலத்தின் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று மாசசூசெட்ஸ் நீதிமன்றம் சொன்னது. 1790 மக்கள்தொகைக் கணக்கில் அந்த மாநிலத்தில் அடிமை என்று ஒருவர் பெயரும் இல்லை. வட அமெரிக்காவில் பெயர் பதிவான முதல் கறுப்பினக் கருவித் தச்சர் என்று இன்று செலரைச் சொல்கிறார்கள். அவர் முத்திரை உள்ள இழைப்புளிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அடுத்த நூற்றாண்டில் இயந்திரம் வந்தது. 1828இல் வில்லியம் வுட்வொர்த் என்பவர் பலகை இழைக்கும் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கினார். நீட்டித்து நீட்டித்து 1856 வரை அந்த உரிமம் ஓடியது. வளைவு எடுக்கும் இயந்திரங்களும் வந்து சேர்ந்தன. நீராவியில் சுழலும் கத்திகள், இரண்டு பேர் நாள் முழுக்க இழுத்த வேலையை நிமிடக்கணக்கில் முடித்தன. இழைப்புளி செய்தவர்கள் பிழைப்பு மெலிந்தது. கடைசி மூச்சாக ஸ்டான்லி கம்பெனி 1897இல் '55' என்ற எண்ணில் ஒரு இரும்பு இழைப்புளியை விற்பனைக்கு விட்டது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வடிவத் தகடுகளை மாற்றி மாற்றி மாட்டலாம். அதற்குள் வளைவுச் சட்டம் அடிக்கணக்கில் கடையில் கிடைக்கத் தொடங்கிவிட்டது.

இத்தனை நடந்தும் சமையலறைக்கு மகுடம் வரவில்லை. அன்று சமையலறை வேலைக்காரர்களின் இடம். வரவேற்பறையில் மகுடச் சட்டம், சமையலறையில் ஒரு மேசையும் சில திறந்த தட்டுகளும். 1890களின் கடைசியில் இந்தியானா மாநிலத்தில் 'ஹூசியர்' அலமாரி வந்தது. மாவு டப்பா, சல்லடை, மசாலாத் தட்டு எல்லாம் ஒரே பெட்டியில். 1926இல் ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காகச் சுவரோடு பொருத்திய சமையலறையை வடிவமைத்தார். அகலம் 2 மீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது போடப்பட்டது. பெண்ணுக்கு நடை மிச்சமாக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதில் அலங்காரத்துக்கு இடமில்லை. பிறகு சுவர்களை உடைத்துச் சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்கி, விருந்தாளி வந்தால் அங்கேயே உட்கார வைக்கும் பழக்கம் வந்தபோது, வரவேற்பறையின் மகுடமும் அலமாரித் தலையில் ஏறிக்கொண்டது.

இயந்திரத்தால் முழுதாக எளிதாக்க முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அது மூலை. சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் பார்த்திருப்பீர்கள். மரப்பெட்டியின் இரண்டு சுவர்களிலும் 45 டிகிரியில் கீறல் இருக்கும். சட்டத்தை அதில் வைத்து ரம்பத்தை ஓட்டுவார்கள். இதையே இரும்பில் செய்து, ரம்பத்துக்கு வழிகாட்டியும் வைத்து 1860களில் மாசசூசெட்ஸில் லாங்டன் என்பவர் உரிமம் பெற்றார். படச்சட்டம் தட்டையாகக் கிடப்பதால் 45 டிகிரி போதும். மகுடச் சட்டம் சாய்ந்து நிற்பது. தட்டையாகக் கிடத்தி வெட்டுவதானால் ரம்பத்தை ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் சாய்க்க வேண்டும். சுவரோடு 38 டிகிரி சாய்வில் நிற்கும் சட்டத்துக்கு, நேர்மூலை வேண்டுமானால், ஒரு பக்கம் 31.6 டிகிரி, இன்னொரு பக்கம் 33.9 டிகிரி. இதை யார் நினைவில் வைப்பது!

அதனால் பழைய ஆட்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். சட்டத்தைத் தலைகீழாக நிறுத்துவது. கூரையைத் தொடும் விளிம்பு பெட்டியின் தரையில், அலமாரியைத் தொடும் விளிம்பு பெட்டியின் சுவரில். சட்டம் மேலே எப்படிச் சாயுமோ அப்படியே பெட்டிக்குள் சாய்ந்துவிடும். இப்போது வெறும் 45 டிகிரி வெட்டினால் போதும். அளவை எப்போதும் அலமாரியைத் தொடும் விளிம்பில்தான் குறிக்க வேண்டும். வெளிமூலையில் மேல்விளிம்பு அதைவிட நீண்டிருக்கும்.

உள்மூலைக்கு வேறு வழி. அங்கே இரண்டையும் சாய்த்து வெட்டிச் சேர்த்தால், மரம் காய்ந்து சுருங்கும்போது வாய் பிளக்கும். எனவே ஒரு சட்டத்தை நேராக வெட்டிச் சுவரில் முட்ட வைப்பார்கள். மற்றதன் முனையை, முதல் சட்டத்தின் வளைவு எப்படியோ அப்படியே மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அதன் மேல் கவிழ்த்துவார்கள். சுவர் ஒன்றிரண்டு டிகிரி கோணலாக இருந்தாலும் இடைவெளி தெரியாது. அலமாரியில் பெரும்பாலும் வெளிமூலைதான். முன்பக்கம் ஒரு நீளத் துண்டு, பக்கவாட்டில் இரண்டு குட்டைத் துண்டுகள். ஆணி பிடிக்க அலமாரித் தலையில் முதலில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். நல்ல துண்டில் கை வைக்கும் முன் கழிவுத் துண்டுகளில் மூலையை வெட்டிச் சேர்த்துப் பார்ப்பது தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். மின்சார ரம்பம் வந்த பிறகும் இது மாறவில்லை.

நம் ஊரிலும் பெயர் பொறித்த உளி, இழைப்புளி வைத்திருந்த ஆசாரிகள் இருந்திருப்பார்கள். தாத்தாவின் கருவிப்பெட்டி பரணில் கிடக்கிறது என்றால் ஒருமுறை இறக்கி, முன்முகத்தைத் துடைத்துப் பாருங்கள். ஏதேனும் எழுத்தோ அடையாளமோ தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பெயர்களை இங்கே பதிவு செய்து வைப்போம்.