கலைஞரும் குற்றமும்: இலட்சுமிகாந்தன் கொலை வழக்கை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் கொடுங்குற்றம் இழைத்தால் அவரது கலையின் பொருட்டு அவரை மன்னிக்கலாமா என்னும் வினா காலந்தோறும் எழுந்து வருகிறது. தமிழர் வரலாற்றில் இவ்வினாவோடு சேர்த்துப் பேசப்படும் நிகழ்வு 1944ஆம் ஆண்டு சென்னையில் நடந்த இலட்சுமிகாந்தன் கொலையாகும். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்ற இவ்வழக்கைப் பலரும் 'மன்னிப்பு' என்னும் சொல்லோடு இணைத்தே பேசுகின்றனர். அச்சொல் இவ்வழக்குக்குப் பொருந்துமா என்பதையும், பினாங்கிலிருந்து நோக்கும்போது இவ்வினா எவ்வாறு விரிகிறது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வழக்கின் வரலாறு

சி. என். இலட்சுமிகாந்தன் முதலில் 'சினிமா தூது', பின்னர் 'இந்து நேசன்' ஆகிய இதழ்களை நடத்தியவர். திரைக்கலைஞர்களின் அந்தரங்க வாழ்வைப் பற்றி எழுதியே அவ்விதழ்கள் விற்பனையாயின. முன்னர் போலி ஆவணக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர் அவர். 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் உயிரிழந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அவ்வாண்டுத் தீபாவளியன்று, பாகவதரின் 'ஹரிதாஸ்' வெளிவந்திருந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவற்றுள் இரண்டு தீபாவளிகளின்போது படத்தின் நாயகர் சிறையில் இருந்தார்.

1944 டிசம்பரில் பாகவதர், கிருஷ்ணன், இயக்குநர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதாயினர். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளின் முன் வழக்கு நடந்தது. நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதத்தில் ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அவர்களது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில், முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு வழக்கைச் சென்னைக்கே திருப்பியனுப்பியது. மறு விசாரணையின் முடிவில், 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களென விடுதலையாயினர்.

மன்னிப்பும் விடுதலையும்

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மன்னிப்பு என்பது குற்றம் இழைத்தவருக்கு உரியது. குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரை 'மன்னித்தோம்' என்று கூறுவது அவர்மீது குற்றத்தை மீண்டும் ஏற்றுவதாகும். 'எவ்வளவு பெரிய பாடகர்! அவரை மன்னித்துவிடலாம்' என்று கூறும் இரசிகர் அறியாமலேயே பாகவதருக்குத் தீங்கு செய்கிறார். அவரை விடுவித்தது சாட்சியங்களை மறுமுறை எடைபோட்ட நீதிமன்றம். அதற்கும் அவரது குரலின் இனிமைக்கும் தொடர்பில்லை.

மக்கள் அளித்த 'மன்னிப்பும்' நீதியின் வழியில் நடக்கவில்லை. ஒரே வழக்கில் ஒரே நாளில் விடுதலையான இருவரின் பின்வாழ்வு வெவ்வேறாக அமைந்தது. கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949) முதலிய படங்களில் நடித்தும், 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகியவற்றை இயக்கியும் மீண்டும் நிலைபெற்றார். பாகவதரின் 'ராஜமுக்தி' (1948), 'அமரகவி' (1952) முதலியவை வெற்றி பெறவில்லை. பழைய புகழை எட்டாமலேயே அவர் 1959இல் மறைந்தார். இருவருக்கும் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றே. ஆயினும் திரைச் சந்தை இருவரையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. எனவே மக்களின் விருப்பையும் வெறுப்பையும் நீதியின் அளவுகோலாகக் கொள்ள இயலாது என்பது புலனாகிறது.

பினாங்கிலிருந்து ஒரு நோக்கு

இவ்வழக்கு தொடங்கியபோது பினாங்கு ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது (1941 டிசம்பர் - 1945 செப்டம்பர்). கொலை, கைது, தண்டனை ஆகியவை பற்றிய செய்திகள் சென்னையிலிருந்து கப்பல் வழியாக இங்கு வந்து சேர வழியில்லாத காலம் அது. எனினும் இவ்வழக்கில் விதிக்கப்பட்ட தண்டனையின் பெயர் பினாங்கு மண்ணுக்குப் புதியதன்று. 1858இல் அந்தமான் தண்டனைக் குடியேற்றம் தொடங்குவதற்கு முன்பே, இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டோர் இத்தீவுக்கு அனுப்பப்பட்டனர். 1802இல் மருது பாண்டியரின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவர்கள். கொலை, களவு முதலியவற்றுக்காகத் தண்டனை பெற்றவர்களும் பலர் வந்தனர்.

ஜார்ஜ் டவுனின் புனித ஜார்ஜ் தேவாலயம் 1818இல் இத்தண்டனைக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் தூண்களை வியந்து நோக்கும் எவரும் கட்டியவர்களை மன்னிக்கலாமா என்று கேட்பதில்லை. அவர்களது பெயரே நமக்குத் தெரியாது. பெயர் பெற்றவருக்கு மட்டுமே 'மன்னிக்கலாமா' என்னும் விவாதம் வாய்க்கிறது. பெயரற்றவரின் வேலைப்பாட்டை ஏற்றுக்கொள்கிறோம், அவரது தண்டனையைப் பற்றி எண்ணுவதில்லை. கலையை மதிப்பதும் ஆளை மன்னிப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இத்தேவாலயமே சான்றாகும்.

குற்றம் உறுதியான இடத்தில்

குற்றம் ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்த நிகழ்வுகளும் உலக வரலாற்றில் உண்டு. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1606இல் உரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பியோடினார். செல்வாக்குடையோர் அவருக்காகப் பரிந்துரைத்தனர். போப்பின் மன்னிப்பை எதிர்நோக்கித் திரும்பும் வழியில் 1610இல் அவர் இறந்தார். ஆங்கில நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598இல் நடிகர் ஒருவரை இருவர்ப் போரில் கொன்றார். இலத்தீன் படிக்கத் தெரிந்தவருக்கு அக்காலச் சட்டம் அளித்த சலுகையால் தூக்கிலிருந்து தப்பினார். அவரது கட்டைவிரலில் சூடு மட்டும் இடப்பட்டது. எழுத்தறியாத ஒருவர் அதே செயலுக்குத் தூக்கில் தொங்கியிருப்பார். கலைக்கு அளித்த மன்னிப்பாகத் தோன்றுவது உண்மையில் வகுப்புக்கும் செல்வாக்குக்கும் அளித்த சலுகையே எனலாம்.

தமிழ் இலக்கியம் இதனை முன்பே உணர்த்தியுள்ளது. சிலப்பதிகாரத்தில் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். கைத்திறத்தால் அரசனிடம் மதிப்புப் பெற்றவன். அவன் சொல்லை ஆராயாது ஏற்றதனால் கோவலன் உயிரிழந்தான், மதுரை எரிந்தது. வினைஞனின் திறம் அவனது நேர்மைக்குச் சான்றாகாது என்பதைக் காப்பியம் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் ஆராய வேண்டும். அங்குக் கலைப்புகழ் எத்தட்டிலும் வைக்கத்தக்கதன்று. இரண்டாவது, குற்றம் உறுதியானால் மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவருக்குமே உண்டு, இரசிகருக்கு இல்லை. இலட்சுமிகாந்தன் பிறரது பெயரைக் கெடுத்துப் பிழைத்தவராயினும் கொலையுண்ட மனிதர். அவரது சாவை நடிகர்களின் துயரக் கதையில் ஓர் இடையூறாக மட்டும் கூறுவது முறையாகாது. மூன்றாவது, படைப்பை ஏற்பதனால் படைத்தவரை மன்னித்ததாகாது. குற்றத்தைக் கண்டிப்பதனால் படைப்பை அழிக்க வேண்டுவதும் இல்லை.

பாகவதரின் பாடலை வகுப்பில் ஒலிக்கச் செய்யும் ஆசிரியரிடம் மாணவர் ஒருவர், 'இவர் கொலை செய்தவரா?' என்று கேட்கக்கூடும். 'இல்லை, நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது' என்பதே சரியான விடை. 'இருந்தாலும் பெரிய கலைஞர்' என்று அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வொரு சொற்றொடர் தீர்ப்பையே ஐயத்துக்குள்ளாக்கிவிடும். உண்மையாகவே குற்றம் இழைத்த மற்றொரு கலைஞரைப் பற்றி அதே வினா எழும்போதும் ஆசிரியர் அதே நேர்மையோடு, 'ஆம், செய்தார்' என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடங்குதல் வேண்டும்.