கட்டை போடுகிறவர்

"முட்டுக்கட்டை போடுகிறவர்" என்று நம் ஊரில் ஒருவரைச் சொன்னால் அது வசவு. ஆனால் தேரோட்டத்தன்று வீதி முனையில் போய் நின்று பாருங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுப்பார்கள். அதிர்வேட்டு முழங்கும், மேளம் கொட்டும். இத்தனை ஆரவாரத்திலும் தேரை முனை திருப்புகிறவர் வடம் பிடிப்பவர் அல்ல. சக்கரத்தடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, சரியான க்ஷணத்தில் சரியான பக்கம் கட்டையைச் செருகி எடுக்கிறாரே, அவர்தான். அந்தக் கட்டை ஒரு சாண் தவறினால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறி நின்றுவிடும்.

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது எங்கள் ஊர்த் தேர் அப்படித்தான் வடக்கு வீதி முனையில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் நின்றது. ஊரே கூடிக் கட்டை போட்ட பெரியவரைத் திட்டியது. நானும் திட்டினேன். எதற்காகத் திட்டுகிறோம் என்று தெரியாமலே திட்டுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது!

இந்தப் பழைய சம்பவம் எனக்கு ஞாபகம் வந்த இடம் அமெரிக்காவில் இந்தியானா மாநிலம். என் அக்காள் மகன் அங்கே உத்தியோகம் பார்க்கிறான். ஓர் இலையுதிர் காலத்தில் அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு கனவான் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் அவரைப் போலச் சாது கிடையாது. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுவார். எங்களைக் கண்டால் தொப்பியை எடுத்து வணக்கம் சொல்வார். சனிக்கிழமை பிற்பகல் மட்டும் அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பயங்கரமான கூச்சல் வரும்.

"மாமா, பயப்படாதீர்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை. அவருடைய காலேஜ் டீம் விளையாடுகிறது. அவ்வளவுதான்" என்றான் மருமகன்.

மறு சனிக்கிழமை அந்தப் பெரியவர் என்னையும் டெலிவிஷன் முன்னால் உட்கார்த்தி வைத்தார். அன்று அவர் எனக்கு விளக்கியதும், பிறகு நானே தேடிப் படித்ததுமாகச் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்லுவது நாம் அறிந்த உதைபந்து அல்ல. பெயரில்தான் கால் இருக்கிறது; வேலையெல்லாம் கைக்குத்தான். 1869-ம் ஆண்டு நவம்பர் 6-ம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகளும் பக்கத்துக்கு 25 பேராக மோதிக்கொண்டதை இதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அது வெறும் தள்ளுமுள்ளு. 1880-களில் யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்ட்டர் காம்ப் என்பவர் அதற்கு ஒழுங்கு கற்பித்தார். பந்து ஒரு கட்சியிடம் இருக்கும். இன்ன தூரத்தை இத்தனை முயற்சிக்குள் கடக்கவேண்டும். முடியாவிட்டால் பந்தை எதிராளியிடம் விட வேண்டும் என்பது அவர் வகுத்த நியதி. இன்றைய கணக்கு நான்கு முயற்சிக்குப் பத்து கஜம். 1906-ல் பந்தை முன்னால் எறியவும் அனுமதித்தார்கள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் ஆட்டம் நின்றுவிடுகிறது. பதினொரு பேரும் தலையோடு தலை சேர்த்து ரகசியம் பேசுகிறார்கள். யார் முட்டுவது, யார் ஓடுவது, யாருக்குப் பந்து என்பதெல்லாம் அதற்குள் முடிவாக வேண்டும். பத்துப் பேர் சரியாகச் செய்து ஒருவர் தவறினாலும் போச்சு! ஆகையால் இந்த ஆட்டத்தில் தோல்வி இரண்டு வகை. எதிராளி பலசாலியாக இருந்து தோற்பது ஒரு வகை. நம்மவர்களுக்கே அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தோற்பது மற்றொரு வகை. முதலாவதை ரசிகர் மன்னித்துவிடுவார். இரண்டாவதை மன்னிக்க மாட்டார்.

இதை நான் நன்றாக அறிவேன். ஒரு காலத்தில் ஒரு தொடர்கதை எழுதினேன். கதாநாயகியை விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்க வைத்துவிட்டு, வேறு பாத்திரங்களின் விவகாரத்தில் ஆறு வாரம் அவளை மறந்தே போனேன். "ஐயா, அந்தப் பெண்ணுக்கு யாராவது ஒரு வாய் காப்பியாவது வாங்கிக் கொடுத்தார்களா?" என்று ஒரு வாசகி கடிதம் எழுதினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சோகமான முடிவை வாசகர் ஒப்புக்கொள்வார். ஆசிரியனுக்கே வழி தெரியவில்லை என்று கண்டுவிட்டால்தான் அவருக்கு ஆத்திரம் பொங்குகிறது.

இனி அந்தப் பெரியவரின் கல்லூரிக்கு வருவோம். இந்தியானாவில் ஸவுத் பெண்ட் நகரத்தில் 1842-ல் கத்தோலிக்கப் பாதிரிமார் ஸ்தாபித்த நோட்டர் டேம் சர்வகலாசாலை அது. 1913-ல் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் ராணுவக் கல்லூரியின் கோஷ்டியை எதிர்த்து, பந்தைக் காற்றில் எறிந்து எறிந்தே 35-13 என்று வென்றார்கள். அன்று பந்தைப் பிடித்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி. பிற்பாடு அவரே பயிற்சியாளரானார். 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன் என்பது அவர் கணக்கு. 1931-ல் விமான விபத்தில் அவர் மாண்டார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு பயிற்சியாளரும் அந்தப் பெரிய மனிதரின் நிழலில்தான் நிற்க வேண்டியிருந்தது.

அந்த நிழல் பொல்லாதது. 1959 முதல் நான்கு பருவங்களில் ஜோ குஹாரிச் என்பவர் 17 வெற்றியும் 23 தோல்வியும் கண்டார். 1963-ல் இடைக்காலமாக வந்தவர் இரண்டே வெற்றி பெற்றார். 1964-ல் ஆரா பார்ஸீகியன் வந்தார். அதுவரை பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜான் ஹுவார்ட்டே என்ற இளைஞரிடம் பந்தை ஒப்படைத்தார். வரிசையாக ஒன்பது வெற்றி! கடைசிப் பந்தயத்தில் மட்டும் 20-17 என்று தோல்வி. நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் பரிசு அந்த ஹுவார்ட்டேக்குக் கிடைத்தது. கோஷ்டியில் பெரும்பாலும் முந்தின வருஷத்துப் பிள்ளைகளேதான். கட்டை போடுகிறவர் மாறினார்; தேர் திரும்பிவிட்டது.

இந்த அதிசயத்தைக் கண்டவர்கள் பிறகு சும்மா இருப்பார்களா? தோற்கும்போதெல்லாம், "பயிற்சியாளரை மாற்று" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

1981-ல் வந்தவர்தான் நம் கதாநாயகர். பெயர் ஜெரி ஃபவுஸ்ட். ஒஹையோ மாநிலத்தில் ஸின்ஸினாட்டி நகரத்து மோலர் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தவர். அந்தப் பள்ளியை ஐந்து முறை மாநிலத்திலேயே முதலாவதாக்கியவர். பக்திமான், கபடமற்றவர், பார்ப்பவர்களையெல்லாம் கட்டிக்கொள்ளும் சுபாவம். நோட்டர் டேமில் பயிற்சியாளராக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. ஆனால் அதற்கு முன் அவர் எந்தக் கல்லூரியிலும் பயிற்சி அளித்ததில்லை.

முதல் பந்தயத்தில் லூயிஸியானா கோஷ்டியை 27-9 என்று வென்றார். உடனே பத்திரிகைக்காரர்களின் தரவரிசையில் நோட்டர் டேம் முதலிடம்! மறு வாரமே மிச்சிகன் 25-7 என்று அடித்து நொறுக்கியது. அந்தப் பருவம் 5 வெற்றி, 6 தோல்வியில் முடிந்தது.

"நாங்கள் தோற்றதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு முன்னேற வேண்டிய எங்கள் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை" என்றார் பெரியவர். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற இடத்தில் அந்தப் பருவம் இரண்டு பேர் மாறி மாறி நின்றார்கள். ஒரே கச்சேரியில் இரண்டு மிருதங்கக்காரர்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்தால் பாடகர் பாடு என்னவாகும்?

1982 நவம்பரில் நாட்டில் முதலிடத்திலிருந்த பிட்ஸ்பர்க் கோஷ்டியை அவர்கள் மண்ணிலேயே 31-16 என்று வீழ்த்தினார்கள். "ஆகா, விடிந்துவிட்டது!" என்று ரசிகர்கள் குதித்தார்கள். அடுத்த மூன்று பந்தயங்களிலும் தோல்வி! சேர்ந்தாற்போல் தோற்றுக்கொண்டேயிருந்தால் ரசிகர் மனம் மரத்துப்போகும். இப்படி நடுநடுவே நம்பிக்கை கொடுத்துக் கெடுத்தால்தான் தூக்கம் போய்விடுகிறது.

எல்லாவற்றையும்விடப் புண்படுத்தியது விமானப்படைக் கல்லூரியின் கோஷ்டி. படிப்பு முடிந்ததும் விமானப்படையில் சேவை செய்யக் கடமைப்பட்ட பிள்ளைகள் அவர்கள். ஃபுட்பாலையே பிழைப்பாகக் கொள்ளும் கனவோடு அங்கே சேருகிறவர் அநேகமாகக் கிடையாது. ஆனால் அவர்களிடம் ஒரே ஒரு முறை இருந்தது. அதைக் கடிகாரம் போலச் செய்தார்கள். 1982 முதல் 1985 வரை நான்கு வருஷமும் விடாமல் நோட்டர் டேமை அவர்கள் தோற்கடித்தார்கள். ஒழுங்கு இருந்தால் எளியவன் வலியவனை வெல்லலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

'துரத்து' என்று பொருள்படும் 'அவுஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் ஃபவுஸ்ட் என்ற பெயரோடு அழகாக எதுகை சேர்ந்தது அவருடைய துரதிர்ஷ்டம். "அவுஸ்ட் ஃபவுஸ்ட்!" என்று கோஷம் கிளம்பியது. ஆனால் சர்வகலாசாலையின் தலைவர் பாதிரியார் ஹெஸ்பர்க் அசைந்து கொடுக்கவில்லை. ஐந்து வருஷம் என்று வாக்குக் கொடுத்தோம், ஐந்து வருஷமும் இருக்கட்டும் என்றிருந்துவிட்டார். வெற்றிக்காக வாக்கை உடைக்காத கல்லூரி என்று இதைப் புகழலாம். ஒரு நல்ல மனிதரை ஐந்து வருஷம் அக்கினியில் நிற்க வைத்தார்கள் என்றும் சொல்லலாம். எது சரி என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

1985 நவம்பர் இறுதியில் ஃபவுஸ்ட் ராஜிநாமாவை அறிவித்தார். ஒரு பந்தயம் பாக்கியிருந்தது. மயாமியில் நடந்த அந்தப் பந்தயத்தின் முடிவு 58-7. வெற்றி நிச்சயமான பிறகும் மயாமி நிறுத்தவில்லை. மேலும் மேலும் புள்ளி சேர்த்தது. டெலிவிஷனில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் 1964-ன் வீரர் ஆரா பார்ஸீகியன்! மயாமி கொஞ்சம் கருணை காட்டக் கூடாதா என்று அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ஐந்து வருஷக் கணக்கு: 30 வெற்றி, 26 தோல்வி, 1 சமன்.

"அவுஸ்ட் ஃபவுஸ்ட் என்று நீங்களும் கத்தினீர்களா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தார். "தொண்டை கட்டும்வரை கத்தினேன். அந்த மயாமிப் பந்தயத்தன்று மட்டும் கத்த முடியவில்லை" என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1986-ல் லூ ஹோல்ட்ஸ் வந்தார். முதல் பருவத்தில் அவருக்கும் 5 வெற்றி, 6 தோல்விதான். ஃபவுஸ்டின் கடைசிப் பருவத்துக் கணக்கேதான்! ஆனால் மிச்சிகனிடம் 24-23 என்று ஒரே ஒரு புள்ளியில் போய்விட்ட முதல் பந்தயத்திலேயே, பிள்ளைகளுக்குத் தாங்கள் செய்வது இன்னதென்று தெரிந்திருந்ததை ரசிகர்கள் கண்டுகொண்டார்களாம். 1987-ல் டிம் பிரவுன் ஹைஸ்மன் பரிசு பெற்றார். 1988-ல் 12 பந்தயங்களிலும் வென்று நோட்டர் டேம் தேசிய சாம்பியன் ஆயிற்று. அந்த டிம் பிரவுன் 1984-ல் ஃபவுஸ்டின் காலத்தில் வந்து சேர்ந்தவர். நல்ல மரமாகப் பார்த்துத் தேர் கட்டத் தெரிந்தவருக்கு முனையில் திருப்பத்தான் தெரியவில்லை!

அப்படியானால் ரசிகர்கள் கோபித்தது தவறா? தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்கின்மையைக் கண்டு கோபிக்காதவர்கள் நாளடைவில் அதற்குப் பழகிப்போவார்கள். அது இன்னும் ஆபத்து. ஆனால் காரியத்தின் மீது வரவேண்டிய கோபம் மனிதர் மீது பாயும்போது, நாமும் பந்தைத் தப்பான பக்கம் எறிகிறவர்களாகிவிடுகிறோம். அவர் கேட்டது வேலை. கொடுத்தவர்கள் வேறு சிலர். ஆனால் வசவு முழுவதும் அவருக்கே வந்தது.

ஃபவுஸ்ட் என்ன செய்தார்? ஒஹையோவில் ஆக்ரன் சர்வகலாசாலையில் ஒன்பது பருவம் பயிற்சியாளராக இருந்தார். நோட்டர் டேமின் பந்தயங்களைப் பார்க்க ஸவுத் பெண்டுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அங்கே தாம் துக்கப்பட்ட நாட்கள் மொத்தம் 26 தான், தோற்ற நாட்கள் மட்டுந்தான் என்பாராம். 2024 நவம்பரில், 89-வது வயதில் காலமானார். "அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் தோட்டத்துக்கே போகவில்லை" என்றார் அடுத்த வீட்டுப் பெரியவர். அதற்கு மேல் அவரை நான் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்த் தேர் நான்காம் நாள் நிலைக்கு வந்தது. மறு வருஷம் கட்டை போட வேறொருவரை அழைத்து வந்தார்கள். அந்தப் பழைய மனிதரும் திருவிழாவுக்கு வந்திருந்தார். வடத்தின் கடைசி நுனியில், எங்களைப் போன்ற சிறுவர்களுக்கு நடுவே நின்று, எல்லோரையும்விடப் பலமாக இழுத்துக்கொண்டிருந்தார். தேர் வடக்கு வீதி முனையில் அழகாகத் திரும்பியபோது முதலில் கைகூப்பியவர் அவர்தான்.

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஒன்பது வயதில் திட்டத் தெரிந்த எனக்கு, பத்து வயதில் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.