தேன்கூட்டுக் கணிதம்: முக்கோணச் சாலகத்தில் எழுமாற்றுக் குழிவுச் சார்புகள்

பெரிய முக்கோணி ஒன்றைச் சம அளவான சிறு முக்கோணிகளாகப் பிரியுங்கள். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண்ணை எழுதுங்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: அடுத்தடுத்த இரண்டு சிறு முக்கோணிகள் சேர்ந்தால் ஒரு சாய்சதுரம் வரும், அதன் விரிகோண மூலைகள் இரண்டிலும் உள்ள எண்களின் கூட்டுத்தொகை, கூர்ங்கோண மூலைகளின் கூட்டுத்தொகையை விடக் குறையக் கூடாது. எண்களை உயரங்களாக எண்ணிப் பார்த்தால், இது கவிழ்த்து வைத்த கடகம் போன்ற கூரை. எங்கும் பள்ளம் விழாது. 'குழிவு' என்ற பெயர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத்தான் பொருந்தும்.

இப்படி எண் நிரப்பிய முக்கோணிக்குக் கணிதத்தில் 'தேன்கூடு' என்று பெயர். அதன் வேர் தாயங்களில் இருக்கிறது. (தமிழ்நாட்டுப் புத்தகங்கள் 'அணி' என்பதை எங்கள் பாடநூல்கள் 'தாயம்' என்றன. நிகழ்தகவு பற்றிய கட்டுரைக்கு அந்தச் சொல் நன்றாகவே இருக்கிறது.) இரண்டு ஹெர்மீசியத் தாயங்களின் ஐகன் பெறுமானங்கள் மட்டும் தெரியும், தாயங்கள் தெரியாது. அவற்றின் கூட்டுத்தொகையின் ஐகன் பெறுமானங்கள் எவையாக இருக்கலாம்? ஹெர்மன் வைல் 1912 இல் ஆராய்ந்த கேள்வி இது. 1962 இல் அல்பிரெட் ஹோர்ன் முழு விடையை ஊகித்தார். கிளியாச்கோவின் 1998 ஆம் ஆண்டு ஆய்வும், அலன் நூட்சனும் அடிலெயிட்டில் பிறந்த டெரன்ஸ் டாவோவும் 1999 இல் வெளியிட்ட நிறுவலும் சேர்ந்துதான் அந்த ஊகத்தை உறுதிப்படுத்தின. மூன்று தாயங்களின் பெறுமானங்களையும் முக்கோணியின் மூன்று பக்கங்களில் படிப்படியாகக் கூட்டி எழுதினால், உள்ளே விதிப்படி நிரப்ப முடிகிறதா என்பதே விடை.

சிறிய உதாரணம் ஒன்று. முதல் தாயத்துக்கு 3, 1. இரண்டாவதுக்கு 2, 0. கூட்டுத்தொகையின் இரு பெறுமானங்களும் சேர்ந்து எப்போதும் 6. பெரியது 3 க்கும் 5 க்கும் இடையில் எதுவாகவும் வரலாம். ஆனால் எல்லாம் சம வாய்ப்புடன் வராது. இரண்டாவது தாயத்தை எழுமாற்றாகச் சுழற்றினால், பெரியது 4 ஐத் தாண்டும் நிகழ்தகவு 3/4. கணக்கு இலகு: கோள மேற்பரப்பில் எழுமாற்றாக எடுத்த இரு அலகுக் காவிகளைக் கூட்டினால், கூட்டுக்காவியின் நீளத்தின் வர்க்கம் 0 முதல் 4 வரை சீராகப் பரந்திருக்கும். பெரிய பெறுமானம் அந்த நீளத்துடன் 3 ஐக் கூட்டியது. நீளம் 1 ஐத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். நம்பாதவர்கள் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகாவும் ரொபேட் ஜென்டில்மனும் உருவாக்கிய 'ஆர்' மொழியில் சில வரிகள் எழுதிச் சோதிக்கலாம். அது இலவசம், உயர்வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மழைநாள் வேலை.

இந்த உதாரணத்தில் கூட்டுக்குள் ஒரு புள்ளியும் இல்லை. பக்கம் 3 என்றால் உள்ளே ஒன்று. பக்கம் 100 என்றால் 4851. எல்லையை நிலைநிறுத்தி, விதி மீறாமல் அவ்வளவு எண்களையும் எழுமாற்றாக நிரப்பினால் கூரை ஒவ்வொரு முறையும் வேறுவேறாக வருமா, அல்லது ஏறத்தாழ ஒரே வடிவத்தில் நிற்குமா? உண்மையான கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஹரிஹரன் நாராயணன், ஸ்கொட் ஷெஃபீல்டுடன் சேர்ந்து இத்தகைய கூடுகளுக்குப் பெருவிலகல் கோட்பாட்டை நிறுவினார். வழக்கமான வடிவத்திலிருந்து கூரை விலகும் நிகழ்தகவு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதை அளப்பது அது. பெருவிலகல் கோட்பாட்டுக்கு ஒன்றிணைந்த உருவம் கொடுத்தவர் 1940 இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். ஆர். எஸ். வரதன், 2007 இல் ஏபெல் பரிசு பெற்றார்.

2023 இல் நாராயணன், ஷெஃபீல்ட், டாவோ மூவரும் இன்னொரு படி ஏறினார்கள். ஐகன் பெறுமானங்கள் கௌசிய எழுமாற்றுத் தாயங்களிலிருந்து வரும்போது, சற்று விரித்த தேன்கூடுகள் பக்கம் பெருகப் பெருக ஒரே வடிவத்தைச் சுற்றிச் செறிகின்றன என்று காட்டினார்கள். அடுத்தடுத்த ஐகன் பெறுமானங்களுக்கு இடையிலான இடைவெளிகள், தூரத்தில் உள்ள இடைவெளிகளுடன் தொடர்பை இழந்துகொண்டே போவதே நிறுவலின் உயிர்நாடி. பெருங்கூடுகளின் ஆய்வில் இதை அவர்கள் முதற்படி என்றே குறிப்பிடுகிறார்கள்.