பைட்டிலிருந்து எழுத்துக்கு: கேரித் தீவும் கணினித் தமிழும்



'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று முதலாம் ஆண்டு மாணவனைக் கேட்டால் மூன்று என்பான். கணினியோ ஒரு வேளை பதினைந்து என்னும். மறு வேளை ஐந்து என்னும். இவ்விடைகளுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உள்ளது. அதில் நம் கேரித் தீவிற்கும் பங்குண்டு.

செம்பனைத் தோட்டங்களுக்கும் மாமேரி மக்களின் மரச்சிற்பங்களுக்கும் பெயர்பெற்ற அத்தீவில் வேர்கொண்டது கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் குடும்பம். ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1997 இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருந்தொகுப்பைத் தந்தவர். அவருடைய மைந்தர் முத்து நெடுமாறன், 1985 தொடங்கி 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். அதுவே பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்தது.

அக்காலத்தில் நேர்ந்த இடர்ப்பாடு யாது? ஒரு பைட்டில் 256 குறிகளுக்கே இடமுண்டு. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கு உரியவை. எஞ்சிய 128 இடங்களில் நம் 247 எழுத்துகளை அடக்க இயலாது. எனவே கொம்பு, கால் முதலிய உறுப்புகளைத் தனித்தனியே வைத்து எழுத்துகளை அமைத்தனர். ஆனால் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி இடங்களை ஒதுக்கியதால், ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம் மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகக் காட்சியளித்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்க, 1990களின் பிற்பகுதியில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் மின்னஞ்சல் வழியாகவே கலந்துரையாடித் 'திஸ்கி' என்னும் தகுதரத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் டாம், டாப் என்னும் வேறிரு தரங்கள் பரிந்துரைக்கப்பெற்றன. 2000 இல் உத்தமம் அமைப்பு தோன்றிற்று. 2001 இல் அதன் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. இதற்கிடையே, 1991 இல் வெளிவந்த ஒருங்குறியிலும் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி கிடைத்திருந்தது. 2010 இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

இனி, கணினியின் கணக்கிற்கு வருவோம். 1992 இல் கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரும் அமைத்த யூடிஎஃப்-8 முறையில், 'தமிழ்' என்னும் சொல்லின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆக ஐந்து குறிகள். எனவே பதினைந்து பைட்டுகள். சி நிரல்மொழியின் 1989 ஆம் ஆண்டுத் தரத்திலேயே, இத்தகைய பல்பைட்டு உரையை 'அகல எழுத்து'களாக மாற்றும் செயற்கூறு இடம்பெற்றது. அது பதினைந்து பைட்டுகளைப் படித்து ஐந்து அகல எழுத்துகளைத் தரும். விண்டோசில் ஓர் அகல எழுத்து இரண்டு பைட்டு, லினக்சில் நான்கு.

அச்செயற்கூறு தானாக எதையும் அறியாது. உரை எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்று நிரலர் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். யூடிஎஃப்-8 என அறிவித்துவிட்டுத் திஸ்கிக் கோப்பைக் கொடுத்தால், பெரும்பாலும் 'கழித்தல் ஒன்று' என்னும் பிழை விடையே கிட்டும். மேலும், திஸ்கியில் 'கெ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி, கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமிக்கப்பெறும். ஒருங்குறியிலோ ககரமே முன்வரும். ஆகவே எண்களை மாற்றினால் மட்டும் போதாது. வரிசையையும் மாற்றுதல் வேண்டும். லினக்சின் அடிப்படை நூலகத்தில் திஸ்கிக்கான மாற்றி இடம்பெற்றுள்ளமை நமக்குக் கிட்டிய பேறு.

இரண்டு பைட்டு அகலமும் எல்லாவற்றிற்கும் போதாது. மா, காணி, முந்திரி முதலிய நம் பழம் பின்னக் குறிகள் 2019 இல் ஒருங்குறியில் சேர்ந்தன. அவை உயர்ந்த எண்களில் அமைந்தமையால், விண்டோசில் ஒரு குறிக்கே ஈரிடம் வேண்டும்.

அகல எழுத்து கிடைத்தாலும், ஐந்தை மூன்றாக்கும் பணி எஞ்சியே நிற்கிறது. மெய்யோடு புள்ளியையும் உயிர்க்குறியையும் சேர்த்தெண்ணும் அறிவு நம் இலக்கணத்திலிருந்துதான் வரவேண்டும். நிரலாக்கம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இஃது ஒரு நல்ல பயிற்சியாகும். எழுத்தெண்ணும் நிரலொன்றை அவர்களே எழுதிப் பார்க்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி ஆண்டு மலர்கள், நாடகப் பிரதிகள், தேர்வுத் தாள்கள் எனப் பலவும் பழைய எழுத்துருக்களில், பழைய வட்டுகளில் உறங்குகின்றன. எந்த எழுத்துருவில் அமைந்தவை என்று அறிந்தவர்கள் ஓய்வுபெற்று வருகின்றனர். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்து, கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள், மாற்றியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். ஓலைச்சுவடியைக் கரையான் அரித்தது. மின்கோப்பையோ நம் மறதியே அரிக்கும்.

வாழ்க தமிழ்!