ஏரிக்கரைப் பத்திரம்

நிலம் வாங்கப் போறவன் மொதல்ல மூலப்பத்திரத்தைத்தான் கேப்பான். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, வில்லங்கம் உண்டா என்று பார்த்துக்கொண்டே பின்னால் போவான். அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் இருக்கிற தாஹோ ஏரிக்கரையை வைத்து நாமும் அப்படிப் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

6,200 அடிக்கு மேலே, சியரா நெவாடா மலைக்கு நடுவில், 72 மைல் கரை கொண்ட ஏரி. தண்ணீரைப் பார்த்தாற்போல் அங்கே ஒரு வீடு வாங்க இன்று பல கோடி வேண்டும். விளம்பரத்தில் தெளிந்த நீர், பைன் மரம், அமைதி எல்லாம் இருக்கும். முதலில் அங்கே இருந்தவங்க யாருன்னு மட்டும் இருக்காது.

இருந்தவர்கள் வாஷோ மக்கள். தாஹோ என்கிற பெயரே அவர்கள் மொழியில் ஏரியைக் குறிக்கும் சொல்லின் சிதைவுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோடைதோறும் மலையேறி வந்து மீன் பிடிப்பார்கள், கிழங்கும் விதையும் சேர்ப்பார்கள், கூடிக் கொண்டாடுவார்கள். குளிருக்குக் கீழே இறங்குவார்கள். அதற்குப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாத அனுபோகம் வெள்ளைக்காரச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

1859இல் பக்கத்து மலையில் வெள்ளி கிடைத்தது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க ஏரியைச் சுற்றியிருந்த காட்டை மொட்டையடித்தார்கள். பிறகு பணக்காரர்களின் கோடை மாளிகைகள் வந்தன. 1887இல் பூர்வகுடிகளுக்கு நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் வந்தபோது, வாஷோக்களுக்கு ஏரிக்கரையில் ஒரு முழம்கூட இல்லை. கிழக்கே பைன்நட் மலையில், தண்ணியில்லாத பொட்டலைக் காட்டினார்கள். 1930களில் ஜார்ஜ் விட்டெல் என்கிற ஒரே பணக்காரர் நெவாடா பக்கம் சுமார் 27 மைல் கரையை, 40,000 ஏக்கரோடு வாங்கிப் போட்டார்.

வாஷோக்கள் கரைக்கு வராமல் இல்லை. வேலைக்காரராக வந்தார்கள். டாட் சோ லா லீ என்று பேர்பெற்ற லூயிசா கைசர், கார்சன் சிட்டி வணிகர் ஒருவர் வீட்டில் துணி துவைத்தவர். அவர் முடைந்த கூடைகளை அந்த வணிகர் ஏரிக்கரைக் கோடைக் கடையில் வைத்து விற்றார். அந்த அம்மா 1925இல் இறந்துபோனார். கூடைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

ஏரிக்கரையின் ஒரு பகுதி டக்ளஸ் கவுண்டியைச் சேர்ந்தது. மாலை ஆறரைக்குள் இந்தியர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று 1917இல் விதி போட்ட கவுண்டி அது. அங்கே மிண்டன் ஊரில் சாயங்காலம் சங்கு ஊதும். விதியை 1974இல்தான் நீக்கினார்கள். அதற்குப் பிறகும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்களுக்கு மரியாதை என்று ஊர்க்காரர்கள் சாதித்தார்கள். அதை நிறுத்த 2021லும் 2023லும் மாநிலம் சட்டம் போட வேண்டியிருந்தது. ஊர், சேரி என்று பிரிந்து வாழப் பழக்கப்பட்ட நமக்கு இந்தச் சங்கின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டாம்.

மனைப்பத்திரங்களும் இதே வேலையைச் செய்தன. வெள்ளையருக்கு மட்டுமே விற்கலாம், மற்றவர் வேலைக்காரராக மட்டும் தங்கலாம் என்று அமெரிக்காவெங்கும் நிபந்தனை எழுதினார்கள். நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. 1968இல்தான் சட்டம் வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதற்குள் நல்ல கரையெல்லாம் கைமாறி, விலையும் ஏறிவிட்டது.

வாஷோக்கள் சும்மா இருக்கவில்லை. 1951இல் வழக்குப் போட்டார்கள். 1970இல், இழந்த நிலம் முழுவதற்கும் சுமார் 50 லட்சம் டாலர் தீர்ப்பானது. 2003இல் ஏரிக்கரையில் 24.3 ஏக்கர் கிடைத்தது. அதிலும் நிரந்தர வீடு கட்டக்கூடாது என்று நிபந்தனை. ஒருத்தனுக்கு 27 மைல், ஒரு சனத்துக்கே 24 ஏக்கர்!

இனி யாராவது வில்லங்கம் இல்லாத சொத்து என்று பத்திரத்தை நீட்டினால், அது எந்த வருஷத்திலிருந்து தொடங்குதுன்னு கேளுங்க. அதுக்கு முந்தின வருஷம் அங்கே யார் இருந்தாங்கன்னும் கேளுங்க.