திருப்பத்தில் எழும் ஒலி: கார் பழுதறியும் கலையின் வரலாறு

கார் நேராக ஓடும்போது ஏறக்குறைய ஓய்ந்திருக்கும் சில உறுப்புகள், ஸ்டீயரிங்கை ஒடித்த கணத்தில் வேலை செய்யத் தொடங்குகின்றன. வேறு சில உறுப்புகள் அப்போது கூடுதல் சுமையைத் தாங்குகின்றன. ஆகவே, நேர்ச்சாலையில் கேட்காத ஒலி திருப்பத்தில் மட்டும் கேட்குமானால், பழுதைத் தேட வேண்டிய இடம் பெரிதும் குறுகிவிடுகிறது. இந்த விதி பழையது. ஆனால் அது சுட்டும் உறுப்புகள் காரின் அமைப்போடு மாறியிருக்கின்றன.

வளைவில் இரு முன்சக்கரங்களும் வெவ்வேறு கோணத்தில் திரும்ப வேண்டும் என்ற கருத்துக்குச் செயல்வடிவம் தந்தவர் மியூனிக் நகரத்து வண்டி வினைஞர் கேயார்க் லாங்கென்ஸ்பெர்கர். அவ்வமைப்புக்கு 1818இல் லண்டனில் காப்புரிமை பெற்ற ருடால்ஃப் ஆக்கர்மானின் பெயரே அதற்கு நிலைத்தது. வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியை ஃபிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்காக வகுத்தார். இஞ்சின் முன்னாலும் உந்துவிசை பின்சக்கரங்களிலும் அமைந்த கார்களில், அத்தொகுதியின் உட்சிறு பற்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சார்பாகச் சுழல்வது பெரும்பாலும் திருப்பத்தில்தான் என்பதால், பின்னச்சிலிருந்து அப்போது மட்டும் வரும் கரகரப்பு அப்பற்களின் தேய்மானத்தையும், முன்பக்கக் கிறீச்சொலி கிங்பின் போன்ற திருப்ப மூட்டுகளின் வறட்சியையும் காட்டின.

உந்துவிசையை முன்சக்கரங்களுக்கே கொடுக்க முயன்றபோது புதிய சிக்கல் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த குறுக்குச்சட்ட மூட்டு, வளைந்த நிலையில் விசையைக் கடத்தும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். கோணம் பெரிதாகப் பெரிதாக இந்த ஏற்றத்தாழ்வும் வளரும் என்பதால், கூர்மையாகத் திரும்ப வேண்டிய சக்கரத்துக்கு அது தனியாகப் பொருந்தவில்லை. 1920களில் ஃபிரான்சில் ழான்-அல்பேர் கிரெகுவாரும், அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ரெசெப்பாவும், எக்கோணத்திலும் சீரான வேகத்தைக் கடத்தும் மூட்டுகளைத் தனித்தனியே உருவாக்கினர். ரெசெப்பாவின் மூட்டில் ஆறு எஃகுக் குண்டுகள் உள்வளையத்துக்கும் வெளிக்கிண்ணத்துக்கும் இடையிலான பள்ளங்களில் நகர்கின்றன. 1959இல் வெளிவந்த மினி அதைச் சிறிய மலிவான காருக்குக் கொண்டுவந்தது. பட்டறைகளில் இன்று அது சிவி ஜாயிண்ட் எனப்படுகிறது.

இந்தியாவில் அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கர உந்துவிசைக் கார்களாகவே நெடுங்காலம் ஓடிய நிலையில், 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முன்சக்கர உந்துவிசையை நாடெங்கும் பரப்பியது. திருப்பத்து ஒலியைக் கேட்டுப் பின்னச்சைச் சந்தேகித்துப் பழகிய செவி முன்சக்கரத்தின் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. சிவி ஜாயிண்டைச் சுற்றிய ரப்பர் உறையான பூட் கிழிந்தால், கிரீஸ் வெளியேறிப் புழுதியும் நீரும் புகுகின்றன. குண்டுகள் ஓடும் பள்ளங்களில் குழி விழுகிறது. ஸ்டீயரிங்கை ஒடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது குண்டுகள் பள்ளங்களில் நெடுந்தூரம் நகர்வதால், சக்கர வேகத்துக்கு ஏற்ப விரைவுபடும் 'டக் டக்' ஒலி பிறக்கிறது. ஆளில்லாத வெளியில் இரு பக்கமும் வட்டமடித்துப் பார்த்தே இப்பழுது உறுதிசெய்யப்படுகிறது. உறை கிழிந்தது முன்னதாகவே தெரிந்தால், கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்துப் புது உறை போடுவது போதும். ஒலி எழுந்துவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டும்.

எல்லா ஒலியும் இம்மூட்டிலிருந்து வருவதில்லை. இடப்பக்கம் திரும்பும்போது சுமை வலப்பக்கம் சாய்வதால், அப்போது வலுக்கும் ரீங்காரம் வலச்சக்கரத்தின் பேரிங்கைச் சுட்டும். தாளமிட்டு வரும் 'டக் டக்' ஒலியிலிருந்து அதைப் பிரித்தறிவதே பழுதறிவதன் முதற்படி. 1951இல் கிறைஸ்லர் விற்பனைக்குக் கொண்டுவந்த திரவ அழுத்தப் பவர் ஸ்டீயரிங், எண்ணெய் குறைந்தாலோ பெல்ட் நழுவினாலோ எழும் முனகலையும் கிறீச்சொலியையும் இப்பட்டியலில் சேர்த்தது. பின்வந்த மின்மோட்டார் ஸ்டீயரிங்கில் பம்பே இல்லாததால் அவ்வொலி மறைந்தது.

இம்மாற்றங்களுக்கு அடியில் ஆழமான ஒன்று நிகழ்ந்துள்ளது. பழைய கார்களின் திருப்ப மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள்கள் இருந்ததால், குறித்த தூரம் ஓடியதும் கிரீஸ் கன்னால் அவற்றை நிரப்பும் வழக்கமே தேய்மானத்தைத் தள்ளிப்போட்டது. பின்னர் வந்த மூட்டுகள் ஆலையிலேயே கிரீஸ் அடைத்து மூடப்பட்டன. பராமரிப்புச் செலவு குறைந்தது. ஆனால் அவ்வப்போது மூட்டைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் போனதால், உள்ளே நடப்பதைப் பெரும்பாலும் ஒலிதான் முதலில் தெரிவிக்கிறது. இஞ்சின் இரைச்சலற்ற மின்கார்களிலும் சிவி ஜாயிண்டும் பேரிங்கும் தொடர்வதால், பழைய கார்களில் இரைச்சலில் அமிழ்ந்துபோகும் மெல்லிய ரீங்காரம்கூட இப்போது தெளிவாகக் கேட்கிறது. மூடிய உறுப்புகள் மெக்கானிக்கின் கையிலிருந்து கிரீஸ் கன்னை விலக்கினவே தவிர, செவியின் தேவையை விலக்கவில்லை. மாறாக, அதை மேலும் கூட்டியிருக்கின்றன.