சூப்பர் ஹீரோக்களின் கையறுநிலை

சில மாதங்களுக்கு முன் வகுப்பில் கையறுநிலைத் துறையை நடத்திக்கொண்டிருந்தேன். தலைவன் இறந்துபட, அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செய்வதறியாது புலம்புவது அத்துறை. பாரியின் மறைவையும் கபிலரின் துயரையும் விளக்கிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, கால இயந்திரம் ஒன்று கிடைத்து நாம் பறம்புமலைக்குப் போனால் பாரியைக் காப்பாற்றிவிடலாம் அல்லவா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்திற்குத் திரும்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதே கேள்வியை அமெரிக்கச் சித்திரக்கதைகள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக வேறொரு போரை முன்வைத்துக் கேட்டுவருகின்றன. மலையைப் பெயர்க்கும் ஆற்றல் கொண்ட நாயகர்கள் இருந்தும் இரண்டாம் உலகப் போரை அவர்களால் ஏன் தடுக்க முடியவில்லை?

முதலில் அவர்கள் தடுக்கத்தான் செய்தார்கள். அதுவும் இரண்டே பக்கங்களில்.

1938-இல் சூப்பர்மேனைப் படைத்த எழுத்தாளர் ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 1940 பிப்ரவரி 27 தேதியிட்ட 'லுக்' இதழ், சூப்பர்மேன் இந்தப் போரை எப்படி முடிப்பான் என்று காட்டும் கதை ஒன்றை அவர்களிடம் கேட்டு வாங்கி வெளியிட்டது. அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. கதையில் சூப்பர்மேன் ஜெர்மனியின் எல்லை அரணைத் தகர்க்கிறான்; பீரங்கிக் குழாய்களை முறுக்கிப் போடுகிறான்; ஹிட்லரை அவருடைய மாளிகையிலிருந்து தூக்கிக்கொண்டு மாஸ்கோவுக்குப் பறந்து ஸ்டாலினையும் பற்றுகிறான். இருவரையும் அவன் கொல்வதில்லை. ஜெனீவாவிலுள்ள சர்வதேச சங்கத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறான். தற்காப்பற்ற நாடுகள் மீது படையெடுத்த குற்றத்திற்காகச் சங்கம் அவர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்க்கிறது. போர் முடிகிறது.

இன்று பார்க்கையில் இதன் எளிமை புன்னகையை வரவழைக்கலாம். ஆனால் உரியவர்கள் இதைப் படித்துச் சிரிக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று, ஹிட்லரின் எஸ்.எஸ். படையினுடைய வார ஏடு சீகலின் யூதப் பிறப்பைச் சுட்டி அவரை இழித்து எழுதியது. ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த ஓர் இயக்கம், சிறுவர்களுக்கான கதை எழுதிய ஓர் இளைஞருக்கு மறுமொழி சொல்லப் பக்கம் ஒதுக்கியது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த அடி இன்னும் நேரடியானது. ஜோ சைமன், ஜாக் கர்பி என்ற இருவர் படைத்த 'கேப்டன் அமெரிக்கா' முதல் இதழின் அட்டையில் நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். அட்டையில் 1941 மார்ச் என்றிருப்பினும் இதழ் கடைகளுக்கு வந்தது 1940 டிசம்பரில். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. கர்பியின் இயற்பெயர் ஜேக்கப் குர்ட்ஸ்பெர்க். நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் நிறைந்த பகுதியில் வளர்ந்த யூத இளைஞர். அமெரிக்காவிலேயே நாஜி ஆதரவாளர்கள் வெளிப்படையாகக் கூடிய காலம் அது. 1939 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் அவர்கள் நடத்திய கூட்டத்திற்கு ஏறத்தாழ 20,000 பேர் திரண்டிருந்தனர். ஆகவே அந்தக் குத்து வெறும் சிறுவர் கேளிக்கை அன்று. உறங்கிக்கொண்டிருந்த தன் நாட்டின் கதவை ஓவியன் தட்டிய ஓசை அது.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. கதாசிரியர்களுக்குச் சிக்கலும் தொடங்கியது. உண்மையான இளைஞர்கள் உண்மையான களங்களில் இறந்துகொண்டிருக்கையில் சூப்பர்மேன் ஒரே நாளில் பெர்லினை வென்றான் என்று எப்படி எழுதுவது? 1942-இல் நாளிதழ்த் தொடரில் ஒரு வழி கண்டார்கள். சூப்பர்மேனின் மாற்றுருவான கிளார்க் கென்ட் படையில் சேரப் போகிறான். கண் பரிசோதனையின்போது அவனுடைய ஊடுருவும் பார்வை சுவரைத் துளைத்து அடுத்த அறையிலிருந்த எழுத்துப் பலகையைப் படித்துவிடுகிறது. கண் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். நகைச்சுவைதான், ஆனால் அதனுள் ஓர் ஒப்புதல் இருக்கிறது. எல்லாவற்றையும் துளைத்துப் பார்க்கும் கண்ணுக்கு எதிரே இருப்பது தெரியவில்லை. படைப்பாளிகள் தங்கள் நாயகனை நாகரிகமாகக் களத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள்.

களத்திற்குப் போனது ஓவியர். கர்பி 1943-இல் படைக்கு அழைக்கப்பட்டு, 1944 ஆகஸ்டில் நார்மண்டிக் கரையில் இறங்கினார். அவர் கேப்டன் அமெரிக்காவை வரைந்தவர் என்றறிந்த அதிகாரி, எதிரி இருக்கும் ஊர்களுக்குள் முன்னதாகச் சென்று நிலப்படம் வரைந்துவரும் வேலையைக் கொடுத்தாராம். கர்பியே பின்னாளில் சொன்ன கதை இது. அவ்வாண்டின் குளிர்காலத்தில் கால்கள் உறைந்து, அவற்றை வெட்டி எடுக்க நேருமோ என்ற நிலையில் மருத்துவமனை சேர்ந்தார். அட்டையில் ஒரே குத்தில் ஹிட்லரை வீழ்த்தியவருக்குப் போர் என்பது சேறும் பனியும் பக்கத்தில் கிடக்கும் பிணங்களும் என்று தெரிந்தது. 1974-75-இல் 'லூசர்ஸ்' என்ற போர்க்கதைத் தொடரை எழுதி வரைந்தபோது அவர் தேர்ந்தது எந்த அதிசய ஆற்றலும் இல்லாத சாதாரணச் சிப்பாய்களை.

போருக்குப் பின் வந்த தலைமுறையிடம்தான் காலப் பயணம் நுழைகிறது. 1964-இல் ஸ்டான் லீயும் கர்பியும் கேப்டன் அமெரிக்காவை மீண்டும் கொண்டுவந்தார்கள். 1945-இல் ஒரு வெடிவிமானத்தைத் தடுக்க முயன்று கடலில் விழுந்து, பனிக்கட்டியில் உறைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் கண்விழித்தான் என்பது புதுக்கதை. அந்த வெடிப்பில் அவனுடைய இளம் தோழன் பக்கி இறந்துவிட்டான். 1968 செப்டம்பர் 'அவெஞ்சர்ஸ்' 56-ஆம் இதழில், பக்கி உண்மையிலேயே இறந்தானா என்ற ஐயம் தாளாமல், கேப்டன் தோழர்களுடன் கால இயந்திரத்தில் ஏறிப் போர்க்காலத்திற்குச் செல்கிறான். எழுதியவர் ராய் தாமஸ். கதையெழுத வருமுன் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். 1940-இல் பிறந்தவர், ஆகவே அந்தப் போர் அவருக்குக் கேள்வி ஞானம் மட்டுமே. அங்கே அவர்கள் நிழல்போன்ற பார்வையாளர்கள். இடையில் சிறிது நேரம் உடல் வாய்க்கிறது, சண்டையும் நடக்கிறது. ஆயினும் பக்கி இறக்கத்தான் செய்கிறான். அத்தனை ஆற்றலும் சேர்ந்து கேப்டனுக்குக் கொடுத்தது, அதே மரணத்தை இரண்டாம் முறை காணும் பேறு மட்டுமே. கையறுநிலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் எங்கே தேடுவேன்? 2005-இல் வேறோர் எழுத்தாளர் பக்கியை உயிர்ப்பித்தார். அப்போதும் நினைவிழந்த கொலைக்கருவியாகவே அவனால் திரும்ப முடிந்தது.

2002 நவம்பரில் ஒளிபரப்பான 'ஜஸ்டிஸ் லீக்' அசைபடத் தொடரின் மூன்று பகுதிக் கதையொன்று இச்சிக்கலின் அடியாழத்திற்குப் போகிறது. அறிந்தே போனதா என்பது வேறு கேள்வி. சாவேஜ் என்ற சாவற்ற தீயவன் எதிர்காலத் திட்டங்களை அடக்கிய மடிக்கணினி ஒன்றைத் தன் இளமைக்கு அனுப்பி, போர்க்கால ஜெர்மனியின் தலைமையைக் கைப்பற்றுகிறான். ஹிட்லரை உறைநிலையில் கிடத்துகிறான். ஜெர்மனி வெல்கிறது, வரலாறு தடம் புரள்கிறது. சூப்பர்மேன் உள்ளிட்ட அறுவர் 1940-களுக்குச் சென்று அவனை முறியடிக்கிறார்கள். வெற்றி. ஆனால் அவ்வெற்றியின் பொருள் என்ன? உறைந்து கிடந்த ஹிட்லர் மீண்டும் எழுப்பப்படுகிறார். 'சரியான' வரலாறு திரும்புகிறது. அந்தச் சரியான வரலாற்றில் 60 லட்சம் யூதர்களின் படுகொலையும் அடக்கம். நாயகர்கள் உலகைக் காத்து வீடு திரும்புகிறார்கள். வதைமுகாம்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முதலில் எனக்கு இது கோழைத்தனமாகவே பட்டது. யோசிக்க யோசிக்க வேறாகத் தோன்றுகிறது. நடந்து முடிந்த பேரழிவை ஒரு கதாநாயகன் தொண்ணூறு நிமிடங்களுக்குள் நீக்கிவிட்டால், இறந்தவர்கள் இரண்டாம் முறை காணாமல் போவார்கள். உயிரோடிருந்தவர்கள் அன்று ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியும் அவர்களோடு காணாமல் போகும். அக்கேள்விக்கு மாயசக்தி எதுவும் வேண்டியதில்லை. 1939 மே மாதம் 'செயின்ட் லூயி' என்ற கப்பல் 937 பயணிகளுடன் ஹாம்பர்கிலிருந்து கியூபாவுக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ அனைவரும் யூத அகதிகள். மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைக் கியூபா இறங்கவிடவில்லை, அமெரிக்காவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் இனப்படுகொலையில் மாண்டனர். அவர்களைக் காக்கப் பறக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. காகிதத்தில் ஒரு முத்திரை போதுமாயிருந்தது.

இந்த வெளிச்சத்தில் 1940-இன் அந்த இரண்டு பக்கங்களை மீண்டும் எடுத்துப் பார்க்கிறேன். அவற்றின் எளிமை இப்போது குறையாகத் தெரியவில்லை. அவை எழுதப்பட்டபோது பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருந்தார்கள். செய்வதற்கு நேரம் இருந்தது. அது கற்பனை வேடமிட்ட வேண்டுகோள். அந்த வேண்டுகோளின் ஒரு பாதி கோணலாக நிறைவேறவும் செய்தது. 1945 நவம்பரில் நியூரம்பர்கில் நீதிமன்றம் கூடியது. ஆனால் ஹிட்லர் ஏப்ரல் 30 அன்றே தன்னைச் சுட்டுக்கொண்டிருந்தார். கதையில் மற்றொரு குற்றவாளியாக நின்ற ஸ்டாலினின் நாடு நீதிபதிகளின் வரிசையில் அமர்ந்திருந்தது. தீர்ப்பு வழங்கியதாக சீகல் கற்பனை செய்த சர்வதேச சங்கமோ 1946 ஏப்ரலில் கலைக்கப்பட்டது.

வரவிருப்பதைப் பற்றிய கற்பனை வேண்டுகோளாகலாம், எச்சரிக்கையாகலாம். நடந்து முடிந்ததைப் பற்றிய கற்பனை நேர்மையாக இருக்க விரும்பினால் அதற்கு இரங்கற்பா ஒன்றே வழி. சூப்பர் ஹீரோக்கள் கடந்த காலத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கதைகள், தாம் அறியாமலேயே, இறந்தோர்க்குரிய மரியாதையைச் செலுத்துகின்றன என்று எனக்குப் படுகிறது.

அந்த மாணவரைப் பிறகு வராந்தாவில் பார்த்தேன். "தம்பி, பாரியைக் காப்பாற்ற நம்மால் ஆகாது" என்றேன். சற்று ஏமாற்றத்துடன், "அப்போ படிச்சு என்னங்க ஐயா பயன்?" என்றார். பாரியின் மக்களை அழைத்துக்கொண்டு அடைக்கலம் தேடிக் கபிலர் கதவு கதவாக நடந்ததை அவருக்கு நினைவூட்டினேன். இருங்கோவேள் மறுத்தான். நம் வாசலுக்கு யாரேனும் அப்படி வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று யோசிக்க நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.